குடிக்காத நாளிலும் ஏன் தள்ளாடுகிறார்?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 48 வயது. இருபது வருடமாகக் குடிக்கிறார். கடைசி ஏழெட்டு வருடமாகத் தினமும். போதையில் தள்ளாடுவது எங்களுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் ஆறு மாதமாகக் குடிக்காத நேரத்திலும் தள்ளாடுகிறார். காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறார். முகம் கழுவும்போது இரண்டு முறை விழுந்துவிட்டார். கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால் நின்றுவிடுகிறது. பாதம் எரிகிறது என்று இரவில் போர்வையை உதறிவிடுகிறார். கேட்டால், "சத்தியமா இன்னிக்கு நான் தொடவே இல்லை" என்கிறார். நாங்கள் யாரும் நம்புவதில்லை. நானும் மகளும் வீடு முழுக்கத் தேடிவிட்டோம், பாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. பத்து நாள் ஓர் அறையில் போட்டுப் பூட்டினால் எல்லாம் சரியாகும் என்கிறார் என் அண்ணன். இதற்கு நடுவில் கல்லூரியில் படிக்கும் மகன், "கஞ்சா இப்படியெல்லாம் நடையைக் கெடுக்காது" என்கிறான். அவன் வாயில் அந்தப் பேச்சு வந்ததே எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பூட்டை எடுத்து வையுங்கள். தினமும் குடித்துப் பழகிய ஒருவரை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென்று நிறுத்த வைப்பது ஆபத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் அண்ணன் கேட்டால், டாக்டர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்தச் சத்தியம். அதை நம்பலாம் என்றே தோன்றுகிறது. பாட்டில் கிடைக்காததற்குக் காரணம், பாட்டில் இல்லாததாகவே இருக்கலாம். குடியால் வரும் தள்ளாட்டம் இரண்டு வகை. ஒன்று, மது உடம்பில் இருக்கும்போது வந்து, அது இறங்கியதும் போய்விடுவது. இன்னொன்று, பல வருடக் குடி நரம்பையும் மூளையையும் அரித்ததால் வருவது; அது ரத்தத்தில் ஒரு சொட்டு மது இல்லாத நாளிலும் கூடவே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குடியை விட்டு எட்டு மாதமான ஒருவர், வேலைக்குக் குடித்துவிட்டு வந்ததாகச் சொல்லி வெளியேற்றப்பட்டு என்னிடம் வந்திருக்கிறார். பரிசோதனை அறையில் அவரை நடக்கச் சொன்னேன். அந்த நடையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவருடைய சிறுமூளை சுருங்கியிருந்தது.

ஓர் அடி எடுத்து வைப்பதில் எத்தனை பேர் கை இருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் கணவருக்கு எங்கே பழுது என்பது உங்களுக்கே ஓரளவு புரியும். "நட" என்று பெருமூளை ஆணையிடுகிறது. உள்ளங்காலிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் "இப்போது கால் இங்கே இருக்கிறது, தரை இப்படிச் சாய்ந்திருக்கிறது" என்று நரம்புகள் நொடிக்கு நொடி செய்தி அனுப்புகின்றன. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உள்காது சொல்கிறது. கண் தன் பங்குக்குப் பார்த்துச் சொல்கிறது. இத்தனையையும் வாங்கி, எழும்பும் சுவருக்குக் கொத்தனார் நூல் பிடித்துப் பார்ப்பதுபோல ஒவ்வோர் அசைவையும் சரிபார்த்துத் திருத்துவது சிறுமூளை. கடைசியில் வேலையைச் செய்து முடிப்பது தசை. மது இவர்களில் ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் பிடிக்க அதற்கு வேறு வேறு காலம் ஆகிறது.

அன்றைக்குக் குடித்தது அன்றைக்குச் செய்வது இது. மூளைச் செல்களில் "நிதானம், மெதுவாக" என்று சொல்லும் காபா என்ற ரசாயனச் சமிக்ஞையை மது தூக்கிவிடுகிறது. "கிளம்பு, வேகமாக" என்னும் குளுட்டமேட்டை அமுக்குகிறது. இந்த மாற்றத்தால் முதலில் தடுமாறும் இடங்களில் ஒன்று சிறுமூளை. திருத்தம் தாமதமாக வருகிறது, அல்லது தேவைக்கு மேல் வருகிறது. டம்ளரை எடுக்கப் போன கை அதைத் தட்டிவிடுகிறது. இடது பக்கம் சாய்ந்தவர் சமாளிக்கிறேன் என்று வலது பக்கம் சாய்கிறார். நாக்கும் ஒரு தசைதானே. அதை அசைப்பதும் இதே சிறுமூளையின் மேற்பார்வையில்தான். பேச்சு குழறுவது அதனால்.

உள்காதில் நடப்பது இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அந்தத் திரவம் பின்தங்கி, குழாய்க்குள் இருக்கும் மெல்லிய ஜெல்லி போன்ற ஒரு மடலை வளைக்கும். அந்த வளைவைத்தான் மூளை "சுழல்கிறோம்" என்று படிக்கிறது. மடலும் திரவமும் ஒரே எடை என்பதால் சும்மா படுத்திருக்கும்போது மடல் அசையாது. மது ரத்தத்திலிருந்து முதலில் அந்த மடலுக்குள்தான் போகிறது. மது தண்ணீரைவிட லேசு. மடல் லேசாகி மிதக்கத் தொடங்க, படுத்த மாத்திரத்தில் அறை சுற்றுகிறது. சில மணி நேரத்தில் திரவத்துக்குள்ளும் மது பரவியதும் கணக்குச் சரியாகிவிடும். மது இறங்கும்போது மறுபடி முதலில் காலியாவது மடல்தான். இப்போது மடல் கனம், திரவம் லேசு. அதனால் மறுநாள் காலையில், ரத்தத்தில் மது தீர்ந்துவிட்ட பிறகுகூட, எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றல் வரும். படுக்கையில் கிடந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் சுற்றல் குறையும் என்று குடிப்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். காது சொல்லும் பொய்யை உள்ளங்கால் மறுக்கிறது, அவ்வளவுதான்.

கல்லீரல் சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம் மதுவைத்தான் கரைக்கும். காபி, குளிர்ந்த நீரில் குளியல் எதற்கும் அது வேகம் பிடிக்காது. ஆள் விழித்துக்கொள்வார், தள்ளாட்டம் அப்படியே இருக்கும். நள்ளிரவு வரை நிறையக் குடித்தவர் காலை எட்டு மணிக்கு வண்டி எடுத்தால், இரவில் குடித்ததில் ஒரு பகுதியோடுதான் ஓட்டுகிறார். உங்கள் கணவர் வாகனம் ஓட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டுகிறார் என்றால், பரிசோதனை முடியும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். வீட்டில் பூட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் அது வண்டிதான்.

இனி அவருடைய ஆறு மாதத் தள்ளாட்டம். கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, முகம் கழுவும்போது விழுந்தார் என்பது. முகம் கழுவும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் குனிகிறோம். கண் என்னும் சாட்சி போய்விடுகிறது. அந்த ஒரு நிமிடம் பெரும்பாலும் உள்ளங்கால் நரம்பை நம்பித்தான் நிற்க வேண்டும். அந்த நரம்பு கெட்டிருந்தால் ஆள் சாய்ந்துவிடுவார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்த பரிசோதனையும் இதுதான்: கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லிப் பார்ப்பது. இன்றைக்கும் என் அறையில் எந்த ஸ்கேனுக்கும் முன்னால் செய்வது அது. பாத எரிச்சலும், போர்வை பட்டால்கூடத் தாங்காததும் அதே நரம்புக் கேட்டின் வேறு முகங்கள். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. மதுவின் நேரடி நஞ்சும் வைட்டமின் குறைவும் முதலில் அவற்றின் நுனியைத்தான் கருக்குகின்றன. பிறகு மெல்ல, காலுறை மேலேறுவதுபோல, கணுக்கால், கெண்டைக்கால் என்று ஏறும். சிலர் எரிகிறது என்பார்கள். சிலர் பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கிறது என்பார்கள். செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியாமல் நான்கு அடி நடந்து போனவரையும் பார்த்திருக்கிறேன்.

இது மட்டும்தான் என்றால், வெளிச்சத்தில் கண் திறந்து நடக்கும்போது அவர் ஓரளவு நேராக நடக்க வேண்டும். நல்ல பகலிலும், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தும், கால்களை அகட்டி அகட்டி வைக்கிறார், திரும்பும்போது தடுமாறுகிறார் என்றால் சிறுமூளையும் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். குடி சிறுமூளையை ஒரே சீராக அரிப்பதில்லை. நடுவில் மேல்பக்கமாக இருக்கும் ஒரு பகுதியைத்தான் முதலில் பிடிக்கும். நிற்பதையும் நடப்பதையும் பார்த்துக்கொள்வது அந்தப் பகுதி. அதனால்தான் கை ஓரளவு ஒழுங்காக இருக்க, கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. கையெழுத்து பழையபடி இருக்கிறது, கணக்கும் தப்பாமல் போடுகிறார், எழுந்து நடந்தால் மட்டும் இப்படி என்று குடும்பத்தினர் குழம்புவார்கள். நடிக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு.

தசையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்தோ தாழ்வான நாற்காலியிலிருந்தோ கையை ஊன்றாமல் அவரால் எழ முடிகிறதா? படியேறும்போது கைப்பிடியை இழுத்துக்கொண்டு ஏறுகிறாரா? தொடையும் இடுப்பும் இளைத்திருக்கின்றனவா? நீண்டகாலக் குடி தசை நார்களையும் மெலிய வைக்கும், குறிப்பாக வேகமாக இயங்க வேண்டிய நார்களை. தடுக்கிய காலைச் சட்டென்று எடுத்து ஊன்ற உதவுபவை அவைதான். இடுப்பிலோ தொடையிடுக்கிலோ வலி இருந்து நொண்டினால் கதை வேறு. குடி தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் செய்து அதை நொறுங்க வைப்பதுண்டு. அதைத் தசைவலி என்று தேய்த்துவிட்டுக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கை நடுக்கத்துக்கு வருவோம். குடித்தால் நடுக்கம் நிற்கிறது என்பதால் குடிதான் அவருக்கு மருந்து என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், அவரே சொல்லியிருப்பார். நடப்பது நேர்மாறு. வருடக்கணக்கில் மது அமுக்கிக்கொண்டே இருந்ததால், மூளை அதற்கு ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. இரவில் மது இறங்க இறங்க, அமுக்கிய கை விலகிவிட்ட சுருள்வில்லாக அது துள்ளுகிறது. விடிகாலை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் எல்லாம் அந்தத் துள்ளல். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே இது தொடங்கலாம். நடுக்கத்தில் இன்னும் இரண்டு வகையை நீங்கள் கவனிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது இல்லாமல், ஒரு பொருளை எட்டி எடுக்கப் போகும்போது, அதை நெருங்க நெருங்கக் கை அதிகமாக ஆடினால் அது சிறுமூளை நடுக்கம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "நில்" என்று சைகை காட்டுவதுபோல உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்லுங்கள். பறவை சிறகடிப்பதுபோல மணிக்கட்டு விட்டுவிட்டுத் தொய்ந்து நிமிர்ந்தால் கல்லீரல் கெட்டு, அதன் கழிவு மூளையைத் தாக்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி அது, கூடவே பகலில் தூக்கமும் குழப்பமும் இருந்தால் இன்னும் அவசரம்.

குடித்தால் நடுக்கம் குறைகிற எல்லோரும் குடிநோயாளிகள் என்றும் முடிவுகட்ட முடியாது. பரம்பரையாக வரும் ஒருவகை நடுக்கம் கொஞ்சம் மதுவில் அடங்கும். அதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. உங்கள் கணவருடையது காலையில் மட்டும் வருகிறது என்றால் அது இல்லை என்றே நினைக்கிறேன். மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

பூட்டி வைக்க வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இந்தச் சுருள்வில்தான். அது வெறும் நடுக்கத்தோடு நின்றுவிடும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகள் ஊர்வது தெரியும். காய்ச்சல் ஏறும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாகும். உயிரே போகக்கூடிய நிலை அது. பூட்டிய அறைக்குள் அதை யார் பார்ப்பார்கள்? மருத்துவமனையில் சில நாள் மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, இதே விஷயத்தைப் பாதுகாப்பாகக் கடக்க வைக்க முடியும். உள்நோயாளியாகவா, வீட்டிலிருந்தபடியா என்பதை அவர் குடிக்கும் அளவையும், முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்பதையும் வைத்து மருத்துவர் சொல்வார். அதுவரை அவர் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வைட்டமின் பி1, அதாவது தயாமின். உடம்பில் இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. தினமும் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் மது அதைக் குடலில் உறிஞ்ச விடுவதில்லை. கையிருப்பு தீர்ந்தால், கண்ணை அசைக்கும் இடம், உடல் சமநிலையைக் காக்கும் இடம், நினைவைத் தாங்கும் இடம் என்று மூளையின் சில பகுதிகள் ஒன்றாகப் பட்டினி கிடக்கின்றன. 1881இல் கார்ல் வெர்னிக்கி விவரித்த நோய் இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. தள்ளாட்டம், மனக்குழப்பம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் இருந்தால்தான் இந்த நோய் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். மூன்றும் சேர்ந்து வருவது சிறுபான்மையினருக்குத்தான். மற்றவர்களிடம் தள்ளாட்டம் மட்டும் இருக்கும், அல்லது குழப்பம் மட்டும் இருக்கும், போதை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தவறவிட்டால் புதிய நினைவு எதுவும் தங்காத நிலைக்கு ஆள் போய்விடக்கூடும். அதிலிருந்து முழுதாகத் திரும்புகிறவர் குறைவு. உரிய நேரத்தில் தயாமின் ஊசி போட்டால் கண் அசைவு சில மணி நேரத்திலேயே சீராவதைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அது ஒரு சாதாரண ஊசி.

ஆகவே, தள்ளாட்டம் சில நாட்களுக்குள் வேகமாக மோசமானாலோ, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாலோ, பார்வை ஒரு பக்கம் இழுத்தாலோ, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாலோ காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில், "தினமும் குடிப்பவர், சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அவர்கள் களைப்பு என்று நினைத்துக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிவிடலாம். தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கையிருப்பும் அதில் செலவாகிவிடும். கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டேன், போதாதா என்று கேட்காதீர்கள். குடல் உறிஞ்சாதபோது மாத்திரை வாய்வழி போய் வீணாகும். ஊசிதான் வேண்டும்.

இரண்டு முறை விழுந்தார் என்றீர்களே, தலையில் அடிபட்டதா? பல வருடம் குடித்தவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்ட நிலையில் இருக்கும். சின்ன இடியில்கூட அவை கசிந்து, வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்து மூளையை அமுக்கலாம். விழுந்த அன்று ஒன்றுமில்லை என்பது நிம்மதிக்குக் காரணமாகாது. தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், ஒரு பக்கக் கையோ காலோ பலவீனம் என்று வந்தால் அன்றே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

உங்கள் மகன் சொன்னது பாதி சரி. அதை அவனிடம் ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். இல்லாவிட்டால் மீதியைக் கேட்க மாட்டான். குடியைப்போல சிறுமூளையை அரித்து நடையை நிரந்தரமாக முடக்குவது கஞ்சாவின் வழக்கமான வேலை இல்லை. ஆனால் கஞ்சாவின் செயல்பொருள் போய் ஒட்டும் இடங்கள் சிறுமூளையிலும், அசைவைத் தொடங்கி நிறுத்தும் மூளையின் அடித்தளப் பகுதிகளிலும் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் உடம்பு ஆடாமல் நிற்பதும், சட்டென்று பிரேக் பிடிப்பதும், நேரத்தையும் தூரத்தையும் கணிப்பதும் குலைகின்றன. புகைத்தால் நிமிடங்களில் தொடங்கிச் சில மணி நேரம் நீடிக்கும். சாப்பிட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறும்; ஒன்றும் ஆகவில்லையே என்று மேலும் சாப்பிட்டு மாட்டிக்கொள்வார்கள். கஞ்சா பிடித்தவர் தன் தடுமாற்றத்தை உணர்ந்து மெதுவாக ஓட்டப் பார்ப்பார், குடித்தவருக்கு அந்த உணர்வே இருக்காது என்பார்கள். உண்மைதான். இரண்டும் சேர்ந்தால் இந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது.

அவனிடம் நான் சொல்ல விரும்புவது கஞ்சாவைவிட, கைக்குக் கை மாறி வரும் மற்றவற்றைப் பற்றி. 1982இல் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் சிலர், ஹெராயினுக்குப் பதிலாக யாரோ தயாரித்த செயற்கைப் பொடியை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். சில நாட்களில் அவர்கள் உறைந்துபோனார்கள். பேச முடியவில்லை, நிமிர முடியவில்லை, கண் மட்டும் விழித்திருந்தது. அவர்களைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன், முதியவர்களுக்கு வருவதாக அறியப்பட்ட பார்க்கின்சன் நோயின் அதே சித்திரத்தை அவர்களிடம் கண்டார். தயாரிப்பில் நடந்த பிழையால் எம்.பி.டி.பி. என்ற பொருள் கலந்து, அசைவுக்கான டோபமைன் செல்களைத் தேடிப்போய்க் கொன்றிருந்தது. மருந்து கொடுத்ததும் அசைந்தார்கள்; செத்த செல்கள் திரும்ப வரவில்லை. பொடி விற்றவன் ஏமாற்ற நினைத்துக்கூட இதைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கே தெரியாது.

இப்போது இளைஞர்களிடையே பரவியிருப்பது பலூனில் அடைத்து இழுக்கும் சிரிப்பு வாயு. அது உடம்பில் இருக்கும் வைட்டமின் பி12-ஐச் செயலிழக்க வைக்கிறது. அடிக்கடி இழுப்பவருக்குத் தண்டுவடத்தின் பின்பகுதி பழுதாகி, இருபது வயதிலேயே கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத நடை வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்து வாயுவை நிறுத்தி பி12 ஊசி போட்டால் பெரும்பாலும் மீளலாம். பசையும் தின்னரும் முகர்வது மூளையின் வெள்ளைப் பகுதியையே கரைக்கும். கோகைன், ஆம்பெட்டமின் வகைகள் எதிர்த்திசையில் இழுக்கின்றன: பல்லை நறநறவென்று கடிப்பது, ஒரே செயலை மணிக்கணக்கில் செய்வது, கைகால் தானாக நெளிவது, சில நேரம் இளம் வயதிலேயே பக்கவாதம். தூக்க மாத்திரையையும் மதுவையும் சேர்ப்பதைப் பற்றித் தனியாக ஒன்றே ஒன்று: இரண்டும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன, தள்ளாட்டம் கூடுவதோடு நிற்காமல் மூச்சும் அடங்கிவிடும். இது உங்கள் கணவருக்கும் பொருந்தும். தூக்கம் வரவில்லை என்று யாரிடமும் மாத்திரை கேட்டு வாங்க விடாதீர்கள்.

போதையில் கை மடங்கியோ நாற்காலிக் கைப்பிடிமேல் தொங்கியோ அசையாமல் தூங்கி, காலையில் மணிக்கட்டு தொங்கிப்போய் வருபவர்களும் உண்டு. பக்கவாதம் என்று வீடே அழுதபடி கூட்டிவருவார்கள். நரம்பு நசுங்கியதுதான், பெரும்பாலும் வாரங்களில் அல்லது ஓரிரு மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் பக்கவாதம் இல்லை என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை.

சரியாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருக்கலாம். குடியை முழுதாக விட்டால் தசை நன்றாகவே மீளும். பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வித்தியாசம் தெரியும். நரம்பு மெதுவாகத்தான் வளரும், நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள், ஏன் ஒரு வருடத்துக்கு மேல் பொறுக்கச் சொல்கிறோம் என்று புரியும். எரிச்சலுக்கு மாத்திரை உண்டு. சிறுமூளை பாதிதான் விட்டுக்கொடுக்கும். முதல் சில மாதங்களில் நடை கொஞ்சம் தேறும், பிறகு ஒரு நிலையில் நின்றுவிடும். குடி தொடர்ந்தால் அந்தப் பாதியும் கிடைக்காது. இயன்முறை மருத்துவரிடம் சமநிலைப் பயிற்சி எடுப்பவர்கள், சும்மா இருப்பவர்களைவிட நன்றாக நடக்கிறார்கள் என்பது என் அனுபவம். ஒரே வரியில் பாதத்தை வைத்து நடக்கும் பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்யச் சொல்லாதீர்கள். அருகில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை சில. குளியலறையில் கைப்பிடி மாட்டுங்கள், முகம் கழுவ உட்காரும் இருக்கை ஒன்று போடுங்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவில் ஒரு விளக்கு எரியட்டும். இருட்டில் அவருக்குக் கால் இல்லாத மாதிரி. குதிகால் பிடிப்புள்ள காலணி போடட்டும். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாது.

நரம்பியல் மருத்துவரைப் பார்க்க இந்த வாரமே நேரம் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, பி12, தைராய்டு, கல்லீரல் எல்லாம் பார்ப்பார்கள். தள்ளாடும் குடிகாரருக்குச் சர்க்கரை நோயும் இருக்கக்கூடும், எல்லாப் பழியையும் குடிமேல் போட்டுவிட்டு அதைக் கோட்டைவிட்டதும் நடந்திருக்கிறது. போவதற்கு முன் அவர் நடப்பதையும், திரும்புவதையும், நாற்காலியிலிருந்து எழுவதையும் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். போகும் நாளில் அவர் குடித்திருந்தாலும் திருப்பி அழைத்து வராதீர்கள், கடைசியாக எப்போது எவ்வளவு குடித்தார் என்று எழுதி எடுத்துப் போங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன், அன்றைக்குத் தொடவில்லை என்று அவர் சொன்னதை நம்பியிருக்கலாம் என்று நீங்களோ மகளோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். டாக்டரிடம் அவர் உண்மையைச் சொல்ல அது உதவும்.